முழுதாகக் கேட்டபின் வகைப்படுத்துங்கள்: ஸ்ட்ரீமிங் தளங்களின் பிளேலிஸ்ட் தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் எழுதி, பாடி, மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சின்தசைசர்களையும் கணினியையும் கொண்டு தனி ஆளாக இசையமைத்த ‘பழிகரப்பு’ என்னும் ஆல்பம், எட்டுப் பாடல்களுடன் உங்கள் பரிசீலனைக்கு வந்திருக்கிறது. பாடல்களை அனுப்பும்போது நிரப்பித் தர வேண்டிய படிவத்தில் வகை, மனநிலை, மொழி ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருக்கின்றன. பாட்டு என்ன சொல்கிறது என்பதை எழுதக் கிடைக்கும் இடம் சில வரிகள்தாம். அவற்றில் அடங்காததை இங்கே எழுதுகிறேன். என் பாடல்களை நீங்கள் எந்தப் பிளேலிஸ்டிலும் சேர்க்காமல் போனால் எனக்குக் குறையொன்றும் இல்லை. பொருந்தாத பிளேலிஸ்டில் சேர்த்துவிட்டால் அது பெரிய வருத்தமாக முடியும். ஒரு முறை அப்படி முடிந்திருக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘நூறு சதவீதம்’ என்றொரு பாட்டை வெளியிட்டேன். ஊழியர்களைத் தூங்க விடாத முதலாளி ஒருவர், தேன் தடவிய குரலில் அவர்களுக்கு ஊக்கமூட்டுவதாக அமைந்த பாட்டு அது. ‘தூக்கம் தோற்றவர்க்கு, துடிப்பெல்லாம் நமக்கு’ என்று பல்லவி தொடங்கும். மூன்றாவது சரணத்தில் பாட்டு முதலாளியின் வாயிலிருந்து ஊழியரின் வாய்க்கு மாறும். தாம் உறங்காத இரவுகளை எண்ணத் தொடங்கும் அவர், நடுவில் கணக்கைத் தவறவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார். கடைசிப் பத்து நொடிகளில் தாளம் நின்றுபோய் மூச்சிரைப்பு மட்டும் கேட்கும். ஒரு தளம் இதை வேலை நேரத்துக்கான உற்சாகப் பாடல்களோடு சேர்த்தது. அதுவரை என் எந்தப் பாட்டுக்கும் கிடைக்காத அளவுக்குக் கேட்பவர்கள் கிடைத்தார்கள். சில வாரங்கள் கழித்து முன்பின் அறியாத ஒருவர் எனக்கு எழுதினார்: தொடர்ந்து மூன்று இரவுகள் கண்விழித்து ஒரு வேலையை முடித்ததாகவும், அந்த மூன்று இரவுகளும் தம்மைத் தூங்க விடாமல் காப்பாற்றியது என் பாட்டுத்தான் என்றும், அதற்கு நன்றி என்றும் அந்த மடலில் இருந்தது. வசை பாடி வந்த மடல்கள் எனக்கு உண்டு. அவற்றில் ஒன்றுகூட இந்த நன்றி மடலைப் போல என்னை அலைக்கழித்ததில்லை.

அவருக்குப் பதில் எழுதி, மூன்றாவது சரணம் அவருக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டேன். அந்தப் பகுதியில் தாளம் அப்படியே தொடர்வதால் சொற்களைக் கவனித்ததில்லை என்றார். மூச்சொலி கேட்கவே இல்லையாம். ஒரு பாட்டின் வால் மீது அடுத்த பாட்டின் தலையை ஏற்றும் கிராஸ்ஃபேட் வசதியை அவர் 12 நொடிக்கு வைத்திருந்தார். அடுத்த பாட்டின் டிரம் அந்த மூச்சை மூடிவிட்டது. பாட்டைப் பிளேலிஸ்டிலிருந்து எடுக்கும்படி தளத்துக்கு மும்முறை எழுதினேன். பதில் வராததால் பாட்டையே விலக்கிக்கொண்டேன். பழி முழுவதையும் அந்தத் தளத்தின் மேல் போட மாட்டேன். முதல் அரை நிமிடம் உற்சாகப் பாட்டைப் போலவே ஒலிக்க வேண்டும் என்று வேண்டுமென்றே அமைத்தவன் நான்தான். முதல் அரை நிமிடத்தை மட்டும் கேட்டு ஒரு பாட்டின் குணத்தை முடிவு செய்யும் பழக்கத்தோடு அந்த அமைப்பு மோதியபோது, அடி விழுந்தது கேட்டவர் மேல்.

இந்த அனுபவத்திலிருந்துதான் ஆல்பத்தின் பெயர் வந்தது. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை, அதாவது வசைப் பாட்டை, செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாக வைவது முதலாவது. பழியைச் சொல்லுக்குள் மறைத்து வைப்பது இரண்டாவது. இரண்டாவதற்கு நம்மிடம் உள்ள தலைசிறந்த சான்று புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் செல்லும் ஔவையார், அவனுடைய படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மிக்க அரண்மனையில் இருப்பதை முதல் மூன்று அடிகளில் சொல்கிறார். அதன் பிறகுதான், அதியமானின் வேல்கள் பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதைச் சொல்கிறார். மூன்றாவது அடியோடு எழுந்து போயிருந்தால் தொண்டைமான் தன்னைப் புகழ்ந்ததாகவே நம்பியிருப்பான். பழிகரப்புக்கு முழுப் பாட்டும் வேண்டும். அதன் இயல்பே அப்படி.

மின்னணு இசையில் பழியை மறைத்து வைக்கச் சொல்லைவிட ஓசையே வசதியான இடம் என்பது என் அனுபவம். ஒவ்வொரு கருவியும் யாரோ ஒருவருடைய ஏதோ ஒரு தேவைக்காகப் பிறந்தது. அந்தத் தேவையின் வாசனை அதன் ஒலியை விட்டுப் போவதில்லை. இந்த ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் கருவியைத் தேர்ந்தபோது, ‘இது நன்றாக ஒலிக்கிறதா’ என்று கேட்பதற்கு முன் ‘இது எதற்காகச் செய்யப்பட்டது’ என்று கேட்டுக்கொண்டேன்.

முதல் பாட்டு ‘காத்திருங்கள்’. வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்துவிட்டுக் காத்திருக்கும் ஒருவருடைய பாட்டு. பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். பேச்சு புரிவதற்கு அது போதும், இசைக்குப் போதாது. பாட்டு முழுவதையும் அந்தக் குறுகிய சந்துக்குள்தான் வைத்திருக்கிறேன். பாஸ் டிரம்மின் 50 ஹெர்ட்ஸ் முழக்கம் வடிந்துபோய் அதன் தோல் தட்டும் சத்தம் மட்டும் மிஞ்சும். ஆனால் பாஸ் சுரத்தைக் கேட்பவர் காது தானாகவே நிரப்பிக்கொள்ளும். அடிப்படைச் சுரத்தை வெட்டிவிட்டாலும் அதன் மேலடுக்கு அதிர்வெண்கள் இருந்தால், மூளை அடிப்படைச் சுரத்தை ஊகித்துக் ‘கேட்டுவிடும்’. பாட்டில் யாரும் வாசிக்காத ஒரு பாஸ் வரி நான்கு நிமிடமும் ஓடுகிறது. ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது’ என்ற வாக்கியத்தை நம்பிக் காத்திருப்பவரும் அப்படி இல்லாத ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். மெட்டு, தொலைபேசியின் எண் பொத்தான்களின் ஒலியிலிருந்து பிறந்தது. ஒவ்வொரு பொத்தானும் இரண்டு அதிர்வெண்களைச் சேர்த்து ஒலிக்கும். 1 என்றால் 697, 1209 ஹெர்ட்ஸ். 5 என்றால் 770, 1336. இந்த இணைகள் நம் சுரத்தானங்களில் சரியாகப் பொருந்தி உட்காருவதில்லை. பேச்சையோ இசையையோ கருவி தவறிப் பொத்தானாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அந்தப் பொருந்தாமைதான் பாட்டின் சுருதி. நான்காவது நிமிடத்தில் சந்து அகன்று முழு ஒலியும் திறந்துகொள்ள, ஒரு குரல் தெளிவாக வரும். அது கேட்பது, எந்த மொழியில் தொடர விருப்பம் என்று. உடனே சந்து மறுபடி குறுகிவிடும்.

இரண்டாவது ‘ஒப்புக்கொள்கிறேன்’. படிக்காமல் நாம் எல்லோரும் ஒப்புதல் தரும் நிபந்தனை ஆவணங்களைப் பற்றியது. நான் இதுவரை ஒப்புதல் தந்த ஆவணங்களைத் தேடியெடுத்துப் படித்து, அவற்றின் நடையில் வரிகளை நானே எழுதினேன். படித்து முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. பாடியது வோகோடர் வழியாக. குரலைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையின் ஏற்ற இறக்கத்தையும் வேறோர் ஒலியின் அதே பட்டைக்கு மாற்றிக் கொடுப்பதுதான் அதன் வேலை. பேசுவது மனிதர், தொண்டை எந்திரத்துடையது. பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி இதை உருவாக்கியது இசைக்காக இல்லை, தொலைபேசிக் கம்பியில் பேச்சைச் சிக்கனமாக அனுப்புவதற்காக. இரண்டாம் உலகப் போரில், 1943 முதல், வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் இடையிலான உயர்மட்ட உரையாடல்களை ஒற்றர் காதுக்கு எட்டாமல் காத்த சிக்சாலி என்னும் ஏற்பாட்டின் உள்ளேயும் இதே வோகோடர்தான் இருந்தது. அந்த ஏற்பாட்டின் எடை ஏறக்குறைய 50 டன். நாட்டுத் தலைவர்களின் ரகசியத்தைக் காக்க ஓர் அறையை நிறைத்து நின்ற கருவியைக் கொண்டு, தம் ரகசியங்களை ஒரு விரல் தொடுதலில் கொடுத்துவிடும் சாதாரண மனிதரின் பாட்டைப் பாட வேண்டும் என்பது என் எண்ணம். பாடப் பாட வோகோடரின் பட்டைகளைக் குறைத்துக்கொண்டே போகிறேன். பதினாறில் தொடங்கி மூன்றில் முடியும்போது, பாடுவது நான் என்று அடையாளம் காண என் தாயாலும் முடியாது.

மூன்றாவது பாட்டான ‘வருந்துகிறோம்’ என் மனத்துக்கு மிக அருகில் இருப்பது. பொறுப்பில் இருப்பவர்கள் எழுத்தர்களைக் கொண்டு எழுதி வாங்கி வாசிக்கும் மன்னிப்புகளைப் பற்றியது. பாடும் குரலின் சுருதியைத் திருத்தும் ஆட்டோ-டியூன் என்னும் மென்பொருள் 1997இல் வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட், அதற்கு முன் பூமிக்குள் அதிர்வலைகளை அனுப்பி எண்ணெய் வளத்தைத் தேடும் துறையில் ஒலி அலைகளைப் பகுத்தாய்ந்தவர். கேட்பவருக்குத் தெரியாமல் சிறு பிசகைத் திருத்துவதற்கான கருவியை, திருத்தம் சிறிதும் தாமதிக்காதபடி பூஜ்ஜியத்தில் வைத்து ஓட்டினால் குரல் படிக்கட்டுகளைப் போல நொறுங்கும். அந்த நொறுங்கலைப் பலரும் அழகுக்காகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதில் எனக்கு மறுப்பு இல்லை. நான் பயன்படுத்தியது வேறு காரணத்துக்காக.

பாட்டைத் தோடி ராகத்தில் அமைத்தேன். தோடியின் காந்தாரம் என்னும் சுரம் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே ஊசலாடுவதுதான் அதன் உயிர். முதல் சரணத்தில் அந்த அசைவைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன். பாதிக்கப்பட்டவர் தமக்கு நேர்ந்ததைச் சொல்லும் சரணம் அது. இரண்டாவது சரணத்தில் மன்னிப்பு கேட்பவர் அதே மெட்டை எடுத்துக்கொள்கிறார். அங்கே ஆட்டோ-டியூன் காந்தாரத்தைப் பிடித்து, கணினித் திரையில் வளைந்து வளைந்து செல்லும் கோட்டைப் படிக்கட்டுகளாக வெட்டிவிடுகிறது. கமகம் என்னும் அந்த அசைவு போய் மூன்று தனித்தனிச் சுரங்கள் மிஞ்சுகின்றன. பதிவின்போது அந்தச் சரணத்தின் இறுதியில் என் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. எந்திரம் அந்தத் தழுதழுப்பையும் ஒரு சுருதிப் பிழையாகக் கண்டு நேர்செய்துவிட்டது. அந்த வரியை மீண்டும் கேட்டபோது, பாட்டு சொல்ல வேண்டியது எல்லாம் அந்த இரண்டு நொடிகளில் இருக்கிறது என்று தோன்றியது. ஆகவே வேறு பதிவு எடுக்கவில்லை. இந்தப் பாட்டை உங்களில் ஒருவர், ஆட்டோ-டியூன் காதில் பட்ட மறுகணமே நடனப் பாடல்களின் வரிசையில் சேர்த்துவிட வாய்ப்பு உண்டு. இரண்டு சரணங்களையும் அடுத்தடுத்துக் கேட்டவர் அதைச் செய்யமாட்டார்.

‘சிரிப்பு’ என்னும் நான்காவது பாட்டு இரண்டு நிமிடம்தான். 1950களில் சார்லஸ் டக்ளஸ் என்னும் ஒலிப் பொறியாளர், பதிவு செய்த சிரிப்புகளை விசைகளை அழுத்தி ஒலிக்கச் செய்யும் ஒரு பெட்டியை அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக உருவாக்கினார். மேலதிகாரியின் பேச்சுக்குச் சிரித்தே தீர வேண்டிய ஓர் அலுவலகக் கூட்டத்தை அந்தப் பெட்டியின் முறையில், ஆனால் யாருடைய சிரிப்பையும் பதிவு செய்யாமல், வெறும் இரைச்சல் ஒலியை, வேண்டாத அதிர்வெண்களை வடிகட்டும் ஃபில்டரால் செதுக்கி அமைத்திருக்கிறேன்.

‘இன்னும் உரக்க’ ஐந்தாவது. ஏழு பேர் விவாதிக்கிறார்கள். எட்டாவதாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் பேச அழைப்பதில்லை. ஒவ்வொருவரும் முன்னவரைவிட உரக்கத் தொடங்குகிறார்கள். மொத்த ஒலியும் ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரை முதல் நொடியிலிருந்தே இறுக்கி வைத்திருக்கிறேன். அதனால் புதிதாக ஒருவர் கத்தும்போது ஏற்கெனவே கத்துபவர்கள் நசுங்குகிறார்கள், மொத்த ஒலி கூடுவதே இல்லை. மூன்றாவது நிமிடத்தில் அலைவடிவம் செங்கல்லைப் போல ஒரே தடிமனாக ஆகிவிடும். ஒரு சொல்லும் புரியாது. பிறகு எல்லாம் நின்று, எட்டாமவர் தம் ஒரே வாக்கியத்தைச் சாதாரணக் குரலில் சொல்வார். உரக்க ஒலிக்கும் பாட்டே விற்கும் என்ற நம்பிக்கையில் பல பத்தாண்டுகள் இசைத்துறை, வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீர்செய்யும் மாஸ்டரிங்கில் இதே போட்டியைத்தான் நடத்தியது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் ஒலியளவுக்குப் பொது அளவுகோலை வகுத்ததும், பின்னர் ஸ்ட்ரீமிங் தளங்கள் எல்லாப் பாடல்களையும் ஏறக்குறைய ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கச் செய்ததும் அந்தப் போட்டியின் பயனை வெகுவாகக் குறைத்தன. அந்த நல்ல காரியத்தில் உங்கள் தளங்களுக்கும் பங்கு உண்டு என்பதை இங்கே மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

அடுத்த பாட்டு உங்களையும் பற்றியது. அதை உங்களிடம் மறைப்பது முறையாகாது. பெயர் ‘முப்பது’. ஸ்பாட்டிஃபை உள்ளிட்ட தளங்களில் ஒரு பாட்டு 30 நொடி ஒலித்த பிறகே ஒரு முறை கேட்டதாகக் கணக்கில் ஏறுகிறது. இதன் விளைவை இசையமைப்பவர்கள் எல்லோரும் அறிவோம்: முகப்பு இசை சுருங்கிவிட்டது, பல்லவி முன்னால் வந்துவிட்டது, மெதுவாகத் திறக்கும் பாட்டு அரிதாகிவிட்டது. என் பாட்டு 30 நொடிக்குள் ஒரு பாட்டில் இருக்கக்கூடிய எல்லாவற்றையும் முடித்துவிடும். பல்லவி, சரணம், சுருதி மாற்றம், கூட்டுக்குரல் எல்லாம். 31ஆவது நொடியிலிருந்து அடுத்த மூன்று நிமிடங்களுக்கு ஒரே ஒரு சின்தசைசர் மிக மெதுவாகத் திறந்துகொண்டே போகும். அங்கேதான் நான் உண்மையாகவே இசையமைத்திருக்கிறேன். ஸ்பாட்டிஃபை 2024 முதல், 12 மாதங்களில் 1000 முறைகூடக் கேட்கப்படாத பதிவுக்குப் பணம் தருவதில்லை. சிறிய இசைக்கலைஞர்களுக்கு இது எத்தகைய நெருக்கடி என்பதை இந்தப் பாட்டின் அவசரம் நேரடியாகச் சொல்லும்.

ஏழாவதாக ‘நூறு சதவீதம்’ மீண்டும் வருகிறது. அதைப் புதிதாகச் செய்திருக்கிறேன். கடந்த நூற்றாண்டில் மியூசாக் நிறுவனம் தொழிற்கூடங்களுக்கு இசை வழங்கியபோது, கால் மணி நேரத்துக்குள் பாடல்களின் விறுவிறுப்பைப் படிப்படியாக ஏற்றி, பின்பு கால் மணி நேரம் மௌனம் விடும் ஒரு முறையைக் கையாண்டது. அவர்களுக்கும் மௌனம் தேவை என்று தெரிந்திருந்தது. என் பாட்டு நிமிடத்துக்கு 90 தட்டில் தொடங்கி, ஒவ்வொரு தட்டாக ஏறி, 168இல் நிற்கிறது. ஏற்றம் மிகச் சிறிதாக இருப்பதால் கேட்பவர் அதை உணர்வதற்குள் இதயம் அதோடு ஓடத் தொடங்கியிருக்கும். ஊழியர் எண்ணத் தொடங்கும் இடத்தில் இந்த முறை தாளத்திலிருந்து ஒவ்வொரு கருவியாக உதிர்கிறது. சொற்களைக் கவனிக்காதவரும் அந்த உதிர்வைத் தவறவிட முடியாது. மூச்சொலியை 22 நொடிக்கு நீட்டியிருக்கிறேன், எந்தக் கிராஸ்ஃபேடும் அதை முழுதாக மூடிவிடாதபடி. எனக்கு நன்றி எழுதிய அந்த நண்பரிடம் முதல் பிரதியைக் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். முடிந்த பிறகு அவர் நெடுநேரம் பேசவில்லை.

எட்டாவது பாட்டு ‘கேட்கிறதா’. இதில் அங்கதம் இல்லை. மேலடுக்குகள் இல்லாத தூய ஒலியான ஒரே ஒரு சைன் அலையும் என் குரலும் மட்டும். முதல் பாட்டில் காத்திருந்தவருடைய அழைப்பை இங்கே ஒருவர் எடுக்கிறார். எடுப்பவர் ஏழாவது பாட்டில் இரவுகளை எண்ணிய அதே ஊழியர். கோபத்தோடு காத்திருந்தவரும் உறக்கமின்றிப் பதில் சொல்பவரும் இணைப்பின் இரு முனைகளில் நின்று, ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கிறதா என்று மாறி மாறிக் கேட்டுக்கொள்கிறார்கள். எட்டுப் பாடல்களையும் நான் கட்டியது இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்காக. முந்தைய ஏழையும் கேட்காதவருக்கு இது ஒரு சாதாரணத் தாலாட்டுப் போலத் தோன்றும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. ஒரு பாட்டை மட்டும் எடுத்துச் சேர்க்க விரும்பினால் ‘காத்திருங்கள்’, ‘வருந்துகிறோம்’, ‘இன்னும் உரக்க’ ஆகியவை தனியாகவும் நிற்கும், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ‘நூறு சதவீதம்’ வேலை, உடற்பயிற்சி, படிப்பு, விழிப்பு என்று எந்தப் பெயர் கொண்ட பிளேலிஸ்டிலும் வர வேண்டாம். அதனால் எனக்குக் குறையும் எண்ணிக்கையை நான் மனமறிந்து ஏற்கிறேன். எந்தப் பாட்டையும் நகைச்சுவைப் பிரிவில் வைக்க வேண்டாம். சிரிப்பு வரும் இடங்கள் உண்டு. ஆனால் சிரிக்கத் தயாராக வந்து உட்காருபவருக்கு ‘வருந்துகிறோம்’ பாட்டின் முதல் சரணம் விளங்காது, அதில் தமக்கு நேர்ந்ததைச் சொல்பவருக்கு அது அநீதியுமாகும். ‘கேட்கிறதா’ மிகக் குறைந்த ஒலியளவில் மாஸ்டர் செய்யப்பட்டது. தனிப் பாட்டாக ஒலித்தால், எல்லாப் பாடல்களையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவரும் உங்கள் முறை அதன் ஒலியை உயர்த்திவிடும். ஆல்பமாகக் கேட்பவருக்குப் பாடல்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வை அப்படியே காக்கும் முறை உங்களில் சிலரிடம் இருப்பதால், ஆல்பமாகவே அதை முன்வைக்க வேண்டுகிறேன்.

பாடல்களை வகைப்படுத்துவதில் இப்போது மென்பொருளும் உங்களுக்குத் துணையாக இருக்கிறது. தாளத்தின் வேகத்தையும் சுருதியையும் அது நன்றாகவே அளக்கும். 168 தட்டு என்று அளந்து சொல்லும் அந்த மென்பொருளுக்கு, அந்த வேகத்தில் ஒருவர் துன்புறுகிறார் என்பது தெரியாது. அதைக் கேட்டறிய உங்களில் ஒருவர் ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். எட்டுப் பாடல்களும் சேர்ந்து 34 நிமிடங்கள்தாம்.

பாடல் வரிகளை ஒவ்வொரு பாட்டோடும் இணைத்து அனுப்பியிருக்கிறேன். ‘முப்பது’ பாட்டில் 31ஆவது நொடிக்குப் பின் வரும் ஏறக்குறைய மௌனமான பகுதியும், ‘நூறு சதவீதம்’ பாட்டின் முடிவில் வரும் 22 நொடி மூச்சொலியும் பதிவுப் பிழைகள் இல்லை. கோப்பைச் சரிபார்ப்பவர்கள் அவற்றை நறுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
‘பழிகரப்பு’ ஆல்பத்தை எழுதி, இசைத்து, பாடியவன்